கடைசியாகத் தொட்ட கை

என் கைக்கு வந்த முதல் வால்வு ரேடியோவைக் கொன்றது நான்தான்.

டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்தில், வால்வு என்ற கண்ணாடிக் குழல்களை வைத்துச் செய்த ரேடியோ. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய செட். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் துடைத்து, நேராகப் பிளக்கைச் செருகிவிட்டேன். டயல் விளக்கு எரிந்தது. அடடா, உயிர் இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். நாலு நிமிஷம் இருக்கும், தார் உருகுகிற மாதிரி ஒரு வாடை. பின்னால் எட்டிப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ கொப்பளித்து வழிகிறது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் டயல் விளக்கு அணைந்துவிட்டது. அந்த செட்டில் மிஞ்சியது ஐந்து வால்வுகளும் நாலு குமிழ்களும்தான்.

இரண்டாவது செட் விலைக்கு வாங்கியதல்ல. பாபநாசத்துக்குப் பக்கத்தில் என் மாமா வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்கும் ஒடிந்த தொட்டிலுக்கும் நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. கூடவே ஒரு ரேடியோ லைசென்ஸ் புத்தகம். முதல் பக்கத்தில் 1963 என்று தபாலாபீஸ் முத்திரை. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வருஷா வருஷம் தபாலாபீஸில் போய்ப் பணம் கட்டிவிட்டு வர வேண்டும் என்றால் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். எழுபதுகளில் அது 15 ரூபாய். எண்பதுகளின் நடுவில்தான் எடுத்தார்கள்.

“எடுத்துட்டுப் போடா. பாடினா சொல்லு, வந்து கேக்கறேன்” என்றார் மாமா. அவருக்கு 78 வயது.

தஞ்சாவூருக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை பிளக்கின் பக்கமே போகவில்லை. பின்மூடியைக் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, முதலில் வால்வுகளின் பெயரைப் படித்தேன். ஈசிஹெச் 81, ஈஎஃப் 89, ஈபிசி 81, ஈஎல் 84, ஈஇசட் 80, நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை வெளிச்சத்தில் காட்டும் மேஜிக் ஐக்கு ஈஎம் 84. எல்லாம் ‘ஈ’யில் தொடங்கியதைப் பார்த்ததும்தான் நிம்மதி. அந்த முதல் எழுத்து வால்வின் இழை எப்படிச் சூடாகிறது என்பதைச் சொல்வது. ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட், அதைக் கொடுக்க உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யூசிஹெச், யூசிஎல் என்று ‘யூ’வில் தொடங்கினால் இழைகளையெல்லாம் வரிசையாகக் கோத்து நேரே மெயின்ஸில், அதாவது வீட்டுக் கரண்டில், மாட்டியிருப்பார்கள். ஏசி, டிசி இரண்டிலும் ஓடட்டும் என்று செய்த செட்டுகள் அவை. பிளக் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து பாகங்களைத் தாங்கும் சேஸிஸ் தகடே கரண்டாக இருக்கும். குமிழ் கழன்று, அதன் தண்டைத் தொட்டாலே ஷாக். அப்படிப்பட்ட செட்டை, மெயின்ஸோடு நேர்த் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். எனக்கு ஒன்று வந்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதில் வெட்கமில்லை.

பிறகு தூசி. பெயிண்ட் அடிக்கிற இரண்டங்குல பிரஷ் ஒன்று வீட்டில் இருந்தது. குளவி மண்கூடு மூன்று, காய்ந்த பல்லி முட்டை ஓடுகள், கரப்பான் கூடுகள் எண்ணி மாளாது. பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பெருக்கினேன். சேஸிஸைக் கவிழ்த்து அடிப்பக்கமும் பெருக்கினேன். எவ்வளவு சுத்தம் பார் என்று போட்டோகூட எடுத்தேன். இந்த பிரஷ்ஷை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டயல் கண்ணாடியில் ஒரு தப்பு நடந்தது. ஊர்ப் பெயர்களைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். அறுபது வருஷத்தில் அந்த மை வெறும் பொடியாக உட்கார்ந்திருக்கும். ஈரப் பஞ்சை ஓரமாக ஒரு இழுப்பு இழுத்தேன். கொழும்பில் பாதி பஞ்சோடு வந்துவிட்டது. சுதாரித்து நிறுத்தியதில் மெட்ராஸும் திருச்சியும் டெல்லியும் பிழைத்தன. எழுத்து இல்லாத முன்பக்கத்தைத் துடைக்கலாம். பின்பக்கத்தை ஊதுவதோடு சரி. வால்வின் மேல் இருக்கும் எண்ணும் இப்படித்தான், விரல் வியர்வைக்கே அழியும். கழற்றும்போதே எந்த வால்வு எந்தக் குழியில் என்று தாளில் எழுதிவிடுவது நல்லது.

ஃபியூஸைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கண்ணாடி ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். எந்தக் காலத்திலோ ஃபியூஸ் போயிருக்கிறது, ராத்திரி நாடகம் கேட்க வேண்டியிருந்திருக்கிறது, யாரோ சுருட்டி வைத்திருக்கிறார்கள். என் முதல் செட் எரிந்ததற்கும் இப்படி ஒரு தாள் காரணமாக இருந்திருக்கலாம். அப்போது பார்க்கத் தெரியவில்லை. பழைய செட்டில் காலம் செய்த கோளாறுகள் எந்த செட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: மின்சாரத்தைத் தேக்கும் கண்டன்சர்களில் மெழுகு வகை கசியும், எலெக்ட்ரோலிட்டிக் வகை காய்ந்துபோகும், ரெசிஸ்டர் மதிப்பு ஏறும், சுவிட்ச் காண்டாக்ட் கறுக்கும். புத்தகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம். மனிதக் கை செய்த கோளாறுக்குத்தான் புத்தகம் கிடையாது.

மின்சாரம் கொடுக்க சீரிஸ் லேம்ப் கட்டினேன். தெரியாதவர்களுக்காக: மெயின்ஸின் ஒரு கம்பியை அறுத்து நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கோப்பது. செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும், செட்டுக்கு ஒன்றும் ஆகாது. நல்லபடியாக இருந்தால் பல்பு ஒரு கணம் எரிந்துவிட்டு மங்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். அதைத் தேடத்தான் இப்போது நாலு கடை ஏற வேண்டியிருக்கிறது. கிடைத்தால் அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வான ஈஇசட் 80-ஐ மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினேன். அது இல்லையென்றால் உயர் வோல்டேஜ் எங்கேயும் போகாது. டிரான்ஸ்ஃபார்மர் சுடுகிறதா, இழைகள் சிவக்கின்றனவா என்பதை மட்டும் பார்க்கலாம். அரை மணி நேரம் கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து இழை வோல்டேஜை அளந்தால் 7.5. இருக்க வேண்டியது 6.3. ஒரு வால்வு இல்லை, சுமை குறைவு, அதனால் கொஞ்சம் ஏறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இவ்வளவா?

காரணம் டிரான்ஸ்ஃபார்மரின் தலையிலேயே இருந்தது. வோல்டேஜ் மாற்றும் சிறு தகட்டில் 110, 127, 200, 220, 245 என்று குழிகள். ஊசி 200-ல் செருகியிருந்தது. வீட்டில் அன்றைக்கு மெயின்ஸ் 240. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக எல்லாமே ஓடியிருக்கிறது. ஊசியை 245-க்கு மாற்றியதும் 6.2 வந்து நின்றது. எந்த மடையன் 200-ல் வைத்தான் என்று திட்டிக்கொண்டேதான் மாற்றினேன்.

அடுத்தது கண்டன்சர்கள். தொடுவதற்கு முன்னால் ஒரு பழக்கம்: 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வயர் வைத்து, ஒரு நுனியில் முதலைக் கிளிப் போட்டு சேஸிஸைக் கவ்வவிடுவேன். மற்ற நுனியை ஃபில்டர் கண்டன்சரின் பாசிட்டிவ் முனையில் பத்து எண்ணும்வரை தொட்டு வைப்பேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்வரை நிற்கும். செட் ஓடும்போது அளப்பதென்றால் இடது கை சட்டைப் பையில். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகும்.

அலுமினிய டப்பாவில் இருந்த இரட்டை எலெக்ட்ரோலிட்டிக், 50 மைக்ரோஃபாரட்டும் 50 மைக்ரோஃபாரட்டும். கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றி அதை உயிர்ப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்பக்கம் உப்பு பூத்திருந்ததால் எனக்கு அந்த ஆசை வரவில்லை. டப்பாவை அழகுக்கு மேலே விட்டுவிட்டு, கீழே 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் இரண்டு வைத்தேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் “220 இருக்கு சார், இன்னும் சுத்தமா கேக்கும்” என்றார். இதில் ஏமாறக் கூடாது. ஈஇசட் 80-க்கு அடுத்து வரும் முதல் கண்டன்சர் 50-க்கு மேல் இருக்கக் கூடாது என்று வால்வின் விவரத்தாளிலேயே இருக்கிறது. பெரிதாக வைத்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் அதை நிரப்ப வால்வு ஒரேயடியாகக் கரண்டைக் கக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் செத்துப்போகும்.

மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள் மொத்தம் ஒன்பது. இங்கே எனக்குப் பேராசை. பழைய தோற்றம் கெடக் கூடாதாம். ஒவ்வொன்றின் ஒரு காலைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். ஓம் அளவில் எதுவும் கசிவு காட்டவில்லை. கப்பாசிட்டன்ஸ் அளவில் 0.01 என்று போட்டிருந்தது 0.014 காட்டியது. குறையவில்லையே, ஏறித்தானே இருக்கிறது, நல்லதுதான் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஈஇசட் 80-ஐச் செருகி, சீரிஸ் லேம்போடு ஓட்டி, பிறகு லேம்பையும் எடுத்து, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல் 84-ன் கிரிட்டில், அதாவது அதன் கரண்டை அடக்கும் வலையில், மீட்டரை வைத்தேன். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. மைனஸில் துளி இருந்தாலும் சரி, பிளஸ்ஸில் கூடவே கூடாது. 4 வோல்ட் பிளஸ்! நிமிர்ந்து வால்வைப் பார்த்தால் உள்ளே இருக்கும் சாம்பல் தகட்டின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. இழையின் ஆரஞ்சு வேறு, தகட்டின் சிவப்பு வேறு. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நிறுத்திவிட்டேன்.

மல்டிமீட்டர் தன் சிறு பேட்டரியின் ஓரிரு வோல்ட்டை வைத்துக்கொண்டு கசிவு பார்க்கிறது. ஈஎல் 84-க்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் வேலை செய்யும் இடத்தில் நூறு வோல்ட்டுக்கு மேல். ஒரு வோல்ட்டுக்கு யோக்கியனாக இருப்பவன் நூறு வோல்ட்டுக்கும் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? முன்வால்வின் தகட்டில் இருக்கும் வோல்டேஜை இந்தக் கண்டன்சர் தடுத்து, சத்தத்தை மட்டும் ஈஎல் 84-க்கு விட வேண்டும். கசிந்தால் கிரிட் பிளஸ் ஆகி, வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுத்து, தானும் சாகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக்கொண்டு போகும். மதிப்பு ஏறிக் காட்டுவதே கசிவின் அடையாளம் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒன்பதையும் வெட்டி எறிந்துவிட்டு 630 வோல்ட் பாலியெஸ்டர் வைத்தேன். பழைய கூட்டைக் குடைந்து உள்ளே புதியதை ஒளித்து வைக்கிற வேலையை ஒன்றுக்குச் செய்து பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சேஸிஸின் அடியை யார் பார்க்கப் போகிறார்கள்? கிரிட் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வந்தது, எலெக்ட்ரான் கிளம்பும் முனையான கேத்தோடில் 7.1. ரெசிஸ்டர்களில் ஒரு 220 கிலோ ஓம் 390-க்கு ஏறியிருந்தது, அதையும் மாற்றினேன். மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் சின்னக் கண்டன்சரை மட்டும் சாதாரண வகையில் மாற்றாதீர்கள். அந்த இடத்துக்கென்றே ஒய் வகை விற்கிறார்கள். அது ஷார்ட் ஆனால் நீங்கள்தான் ஃபியூஸ்.

வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையை ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன். ஸ்பீக்கரில் ‘உர்ர்ர்’ என்று கொழுத்த சத்தம். சத்தத்தைப் பெருக்கும் பின்பாதி நலம். ஏரியலுக்குப் பத்தடி வயரை ஜன்னலில் தொங்கவிட்டு, சார்ட்வேவில், அதாவது சிற்றலையில், முள்ளை நகர்த்தினால் அரபியில் யாரோ ஓதுகிறார், சீனத்தில் ஒரு பெண் பேசுகிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. மீடியம் வேவுக்குச் சுவிட்சைத் திருப்பினேன். மயான அமைதி. திருச்சி இங்கிருந்து கூப்பிடு தூரம், 936 கிலோஹெர்ட்ஸில் பகலில் ஒரு ஆணியைச் சுவரில் அடித்தால்கூட பாடும் என்பார்கள். இங்கே ஒரு முனகல் இல்லை.

அடுத்த மூன்று வாரம் நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சம். முதல் சோதனை என்னவோ சரியாகத்தான் செய்தேன். செட்டுக்குள் ஒரு ஆசிலேட்டர் ஓடும். அது நாம் கேட்கிற நிலையத்தைவிட எப்போதும் 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஒரு அலையை உண்டாக்கும். இரண்டும் கலந்து வருகிற 455-ஐத்தான் செட் பெருக்குகிறது. அப்படியானால் முள்ளை 936-ல் வைத்தால் ஆசிலேட்டர் 1391-ல் ஓட வேண்டும். ஒரு கையடக்க டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் வைத்து 1391-க்குத் திருப்பினால், வால்வு செட் ஆனாகும்போது டிரான்சிஸ்டரின் இரைச்சல் சட்டென்று அமுங்க வேண்டும். பைசா செலவில்லாத சோதனை, எல்லோரும் செய்து பாருங்கள். எனக்கு அமுங்கவில்லை. ஆக, மீடியம் வேவில் ஆசிலேட்டர் ஓடவில்லை.

ஆசிலேட்டர் எந்த வால்வு? ஈசிஹெச் 81. எனவே வால்வு போய்விட்டது! சென்னையிலிருந்து ஒன்று வரவழைத்தேன், எட்டு நாள். போட்டேன், அதே அமைதி. அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்ச் அழுக்கு என்று காண்டாக்ட் கிளீனரை அரை டப்பா அடித்தேன். மைக்கா கண்டன்சர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒரு ராத்திரி, அந்த 455-ஐப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப். டப்பாவின் திருகைத் திருப்பிப் பார்த்துவிடலாமா என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன். மேலே ஊற்றியிருந்த மெழுகு உடையாமல் பளபளவென்று இருந்தது. கம்பெனியில் வைத்ததை, அறுபது வருஷமாக எந்த மெக்கானிக்கும் தொடாமல் விட்டதை, நான் தொடுவானேன் என்று தோன்றியது. அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தது.

கும்பகோணத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று சொன்னார்கள். கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துக் கொடுப்பார். செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். என் கதையை முழுசாகக் கேட்டார்.

“சார்ட்வேவ் பாடுதா?”

“நல்லா பாடுதுங்க ஐயா.”

“அப்ப எதுக்குத் தம்பி வால்வு வாங்கினீங்க?”

நான் முழித்தேன்.

“ரெண்டுக்கும் அதே வால்வுதானே. வால்வு தளர்ந்துச்சுன்னா முதல்ல சார்ட்வேவ்தான் போகும், மீடியம் வேவ் கடைசி வரைக்கும் பாடும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. வோல்டேஜ் சரி, வால்வு சரின்னு அந்த அரபிக்காரனே சொல்லிட்டான்ல?”

மூன்று வாரமாக எது வேலை செய்யவில்லை என்பதையே முறைத்துக்கொண்டிருந்தேன். எது வேலை செய்கிறது என்று பார்த்திருந்தால் மிச்சம் இருந்தது மீடியம் வேவுக்கு மட்டும் சொந்தமான மூன்றே பொருள்: சுவிட்சின் அந்தப் பக்கக் காண்டாக்ட், ஆசிலேட்டரைச் சரிக்கட்டும் ஒரு பேடர் கண்டன்சர், ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள்.

சேஸிஸைக் கவிழ்த்தார். மீட்டர் வயரின் முனைகளைக் காயிலின் இரண்டு தகட்டுக் காலிலும் வைத்தார். ஒன்றும் காட்டவில்லை. நான் சுவிட்ச் முனையில் அளந்து, காட்டாததற்கு அழுக்கைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். காயில் வரை போகவே இல்லை. கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் கண்ணில் சொருகும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“கடைசியா இந்தப் பக்கம் என்ன வேலை பார்த்தீங்க?”

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். சுண்டுவிரல் தடிமன் குழாயில் தலைமுடி போன்ற கம்பி அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது. அதன் ஒரு முனை தகட்டுக் காலை நோக்கி வந்து, சேர்வதற்கு நெல் நீளம் முன்னால் நின்றுவிட்டது. காலில் வைத்த ஈயத்தில் ஒரு முள் போல அதன் மறு துண்டு. அறுந்த இரண்டு முனையும் புதுக் காசு மாதிரி மின்னின.

“தானா இத்துப் போயிருந்தா முனை பச்சை பூத்து, கறுத்து இருக்கும். இது புதுசா அறுந்தது.”

பிரஷ் என்றேன். இரண்டங்குல பெயிண்ட் பிரஷ். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய் ஒரு பழைய டப்பாவிலிருந்து பிள்ளைகள் படம் வரைகிற பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார், அணில் வால் மாதிரி மெத்தென்று. காயில் பக்கம் இதுகூட வேண்டாம், ஊதுங்கள் போதும் என்றார்.

பழுது பார்த்தது இருபது நிமிஷம். சாதாரண வயரைப் பிரித்து அதிலிருந்து ஒரே ஒரு இழையை உருவினார். காயில் கம்பியின் எனாமலைப் பிளேடை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல், ஒரே பக்கமாக நாலு தடவை இழுத்துச் சுரண்டினார். அழுத்தினால் கம்பி இன்னும் குட்டையாகிவிடும். இரண்டையும் முறுக்கி, சூட்டுக்கோலின் நுனியில் ஒரு கடுகளவு ஈயத்தை வைத்துத் தொட்டு எடுத்தார். இழையைச் சற்றுத் தொய்வாகவே விட்டார். விறைப்பாக இழுத்தால் சூட்டுக்கும் குளிருக்கும் மறுபடி அறுமாம். மீட்டர் 4 ஓம் சொன்னது.

திண்ணையில் கரண்ட் கொடுத்து முள்ளை நகர்த்தினோம். திருச்சி, டயலில் திருச்சிக்கு அரை அங்குலம் தள்ளி, கர்ஜித்தது.

பேச்சுவாக்கில் அந்த 200 வோல்ட் மடையனைப் பற்றியும் சொன்னேன். “மடையன் இல்ல தம்பி. அப்பல்லாம் ஊருக்குள்ள பம்ப்செட்டு ஓட ஆரம்பிச்சா ராத்திரி வோல்டேஜ் 180-க்கு வந்துரும். 245-ல வெச்சா செட்டு முனகும். கிராமத்து செட்டெல்லாம் இறக்கித்தான் வெப்போம்” என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. நான் அநியாயமாக வாங்கிய ஈசிஹெச் 81-ஐ மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

டயலைச் சரிசெய்வதை வீட்டில் நானே செய்தேன். இதற்கு சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வானொலி நிலையங்கள் இருக்கின்றன. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சென்னை 720-ஐக் கீழ் முனைக்கும், திருநெல்வேலி 1197-ஐ மேல் முனைக்கும் வைத்துக்கொண்டேன். கீழ் முனை விலகியிருந்தால் ஆசிலேட்டர் காயிலின் உள்ளே இருக்கும் திருகு. மேல் முனை விலகியிருந்தால் ட்ரிம்மர் என்ற திருகு கண்டன்சர். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் நகரும். ஐந்தாறு தடவை மாறி மாறிச் செய்தால் இரண்டும் நிற்கும். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் அது பக்கத்தில் வந்தாலே அலை மாறும், எடுத்தால் வேறு இடத்தில் நிற்கும். போதாததற்கு அந்தத் திருகு சாக்பீஸ் போல நொறுங்கக்கூடியது. மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி வைத்துக்கொண்டேன். நடுவில் திருச்சி தானாகத் தன் எழுத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

முள்ளை நகர்த்தும் டயல் நூல் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். தூண்டில் நரம்பு போட்டேன், வழுக்கியது. பட்டம் விடும் நூல் போட்டேன், மழை நாளில் தொய்ந்தது. பின்னல் நூல் போட்டு, குமிழ்த் தண்டில் மூன்று சுற்று சுற்றி, முனையில் பழைய ஸ்பிரிங்கை மாட்டிய பிறகுதான் முள் சொன்ன பேச்சைக் கேட்டது. பழைய நூலைக் கழற்றும் முன் போட்டோ எடுக்காதவர்கள் இரண்டு நாள் அழுவார்கள். நான் ஒன்றரை நாள்.

மேஜிக் ஐ மங்கல்தான். உள்ளே பூசிய பச்சைப் பொடி எரிந்து தீர்ந்துவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை, வேறு வாங்க வேண்டும். அந்த விலைக்கு மனசு வரவில்லை. விளக்கை அணைத்தால் இரண்டு பச்சைக் கோடுகள் ஒன்றை ஒன்று நெருங்குவது தெரிகிறது, போதும்.

செட் சரியான பிறகும் ஒரு வாரம் ‘கர்ர்’ என்று ஒரு இரைச்சல் விரட்டியது. எங்கெங்கோ தேடினேன். செட்டில் ஒன்றுமில்லை. ஹாலில் இருந்த எல்இடி பல்பு ஒன்று, பிறகு செல்போன் சார்ஜர், பிறகு இணைய மோடத்தின் அடாப்டர். இந்த செட் செய்யப்பட்ட காலத்தில் வீட்டில் மொத்தம் நாலு பல்பும் ஒரு மின்விசிறியும் இருந்திருக்கும். இப்போது நான் ரேடியோ கேட்க வேண்டுமென்றால் மகளுக்கு நெட் கிடையாது. இதில் தினமும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மொட்டை மாடியில் முப்பதடி வயரை இழுத்துக் கட்டியதும் பாதி இரைச்சல் குறைந்தது. இடி இடித்தால் முதல் வேலையாக அந்த வயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

மாமா வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, டயலைக் கிட்டத்தில் பார்த்தார்.

“கொழும்பு எங்கடா?”

“துடைக்கறப்போ போயிடுத்து மாமா.”

“இத்தனை ஊர் இருக்கு, உனக்குத் துடைக்கக் கொழும்புதான் கெடைச்சுதா?” என்றவர், சார்ட்வேவ் பக்கம் சுவிட்சைத் திருப்பி, எழுத்தே இல்லாத இடத்தில் முள்ளைக் கொண்டுபோய் நிறுத்தினார். இரைச்சல்தான் வந்தது. ஒரு மயிரிழை இடப்பக்கம், ஒரு மயிரிழை வலப்பக்கம் என்று கொஞ்ச நேரம் அங்கேயே தடவிக்கொண்டிருந்தார். பிபிசி தமிழோசையும் 2017-ல் சிற்றலையை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. பிறகு அவரே மீடியம் வேவுக்கு வந்து திருச்சி மாநிலச் செய்தியை முழுசாகக் கேட்டார். காப்பி ஆறிப்போயிருந்தது.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் பின்மூடியை மாட்ட எடுத்தேன். முதல் நாள் சுவரோரம் சாய்த்து வைத்தது, நாலு மாதமாக அப்படியே இருந்தது. உள்பக்கத்தைத் திருப்பினால் அட்டையில் பென்சில் எழுத்து. “12-6-71 ஈஇசட் 80 புதுசு. லோ வோல்டேஜ், 200-ல் போட்டது.” கீழே ஒரு கையெழுத்து, படிக்க முடியவில்லை.

பென்சில் தேடி எடுத்து அதன் கீழே எழுதினேன். “245-ல் போட்டது. ஃபில்டர் 47+47. பேப்பர் கண்டன்சர் ஒன்பதும் மாற்றியது. மீ.வே. ஆசிலேட்டர் காயில் முனை ஒட்டியது, அறுத்தது நான், பிரஷ். ஐ.எஃப். தொடவில்லை.” தேதி போட்டு, பின்மூடியின் நாலு திருகையும் முடுக்கினேன். ஒரு திருகுக்கு வாஷர் இல்லை.